இறங்கும்போது பால் கொடு

நங்கநல்லூர்
26 பிப்ரவரி 2021

கண்ணம்மா,

போன் பண்ணினால் பாதியில் மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால் உட்கார்ந்து மெயிலாகவே எழுதுகிறேன். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படி.

நேற்று சம்பந்தி அம்மா பேசினார்கள். மூட்டு வலி, மருந்து என்று பேசிக்கொண்டே வந்தவர்கள், அடுத்த மாதம் எல்லோரும் அந்தமான் போகிறோமே, குட்டிக்கு இப்போதே கடல் படமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். ஆமாம், சொன்னாளே என்றேன். வேறு என்ன சொல்வேன்? பெற்ற பெண் நம்மிடம் சொல்லவில்லை என்று சம்பந்தியிடம் காட்டிக்கொள்ள முடியுமா?

சரி, அது போகட்டும். போய் வாருங்கள். நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன மார்ச்சில் கொரோனா என்று கதவைச் சாத்தியதிலிருந்து அந்த நான்காவது மாடியில், வேலைக்கு வருகிற அம்மாவும் வராமல், மடியில் அவன், மேஜையில் லேப்டாப் என்று நீ ஓட்டியதை நான் வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுக்குக் காதில் சீழ் வைத்த அந்த வாரம் மாப்பிள்ளைக்கும் காய்ச்சல், பயந்து தனி அறையில் இருந்தார், நீ ஒருத்தியே ராத்திரி பகல் என்று பாராமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். என் பெண்ணைப் போல யாரால் முடியும் என்று இங்கே நான் சொல்லாத ஆள் இல்லை. உனக்கு வெளிக்காற்று வேண்டும். அவனுக்கும் வேண்டும், மண்ணில் கால் வைத்து நடந்த பிள்ளையா அது.

ஆனால் அந்தக் காதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அதிகம் அடைக்கும். மேலே பறக்கும்போது உள்ளே இருக்கிற காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருக்கிற அளவுதான், ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள். கீழே வர வர அழுத்தம் கூடும். நாம் எச்சில் முழுங்கிச் சமாளித்துவிடுவோம், அவனுக்கு அது தெரியாது. அதனால் இறங்கும்போது பால் கொடு. தரையைத் தொடுகிற நேரத்தில் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, அரைமணி நேரம் முன்னாலேயே இறக்கம் ஆரம்பித்துவிடும், அப்போதே பாட்டிலை எடு. அசந்து தூங்கினாலும் எழுப்பிவிடு, தூக்கத்தில் முழுங்குவது குறைவு. பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை டாக்டரிடம் அந்தக் காதைக் காட்டு, நேரில் காட்டு, வீடியோவில் காதுக்குள் யாரால் பார்க்க முடியும்? சளி இருந்தால் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள். சளியோடு காய்ச்சலும் இருந்தால் டிக்கெட் போனால் போகட்டும், கிளம்பாதே.

அவனுக்கு மாஸ்க் போட யார் சொன்னாலும் போடாதே. இரண்டு வயதுக்குள் போடவே கூடாது, மூச்சு முட்டினால் அதைக் கழற்ற அவனுக்குத் தெரியாது. ஐந்து வயது வரைக்குமே கட்டாயம் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லியிருக்கின்றன. ஃபேஸ் ஷீல்டும் அவனுக்கு வேண்டாம். அவனைச் சுற்றி இருக்கிற நீங்கள் ஒழுங்காகப் போட்டாலே அவனுக்குப் பாதுகாப்பு, மூக்குக்குக் கீழே தொங்கவிடுகிற வேலை வேண்டாம், மாப்பிள்ளையிடமும் சொல். வீடியோவில் ஒவ்வொரு தடவையும் அவருக்கு மூக்கு வெளியேதான் இருக்கிறது.

சித்தப்பாவிடம் கேட்டேன், நீங்கள் போவதைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். முப்பது வருஷம் மீனம்பாக்கத்தில் விமானத்துக்கு அடியில் நின்று வேலை பார்த்தவர் இல்லையா, உள்ளே இருக்கிற காற்றைப் பற்றிப் பயப்படாதீர்கள் அண்ணி என்கிறார். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே காற்று மாறிவிடுகிறதாம், ஹெப்பா ஃபில்டர் என்கிற வடிகட்டி காற்றில் இருக்கிற தூசி, கிருமியை 99.97 சதவீதம் பிடித்துவிடுமாம், காற்றும் மேலிருந்து கீழே இறங்குகிறதே தவிர முன்னாலிருந்து பின்னால் ஓடாதாம். அவர் பயப்படச் சொன்னது வேறு இடத்துக்கு: ஏறுகிற வரிசை, விமானத்துக்குக் கூட்டிப் போகிற பஸ், நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து பெட்டியை எடுக்கிற அந்தப் பத்து நிமிஷம். நீ எழுந்திருக்காதே. எல்லோரும் இறங்கட்டும், கடைசியாக வா. ஜன்னல் பக்கம் அவனை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார், நடுவில் மாப்பிள்ளை உட்காரட்டும், நடு சீட்டுக்காரருக்குத் தருகிற அந்த அங்கியை அவர் போட்டுக்கொள்ளட்டும். உன் நாத்தனாரும் கைக்குழந்தையோடு வருகிறாள், மூன்று சீட்டுக்கு ஒரு ஆக்ஸிஜன் மாஸ்க்தான் கூடுதலாக இருக்கும் என்பதால் இரண்டு குழந்தைகளை ஒரே பக்கத்தில் சேர்த்து உட்கார விடமாட்டார்கள், அங்கே போய் ஏன் பிரித்தீர்கள் என்று சண்டை போட வேண்டாம். சாப்பாடு கொடுத்ததும் எல்லோரும் ஒன்றாக மாஸ்க்கைக் கழற்றுவார்கள், அப்போது நீங்கள் கழற்றாதீர்கள், அவர்கள் முடித்த பிறகு சாப்பிடுங்கள்.

அவன் எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் செருப்பு வாரைச் சப்பிக்கொண்டிருந்தான், நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்தாய், நான் இங்கிருந்து கத்துகிறேன், அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் நன்றாகச் சப்புகிறான். விமானத்தில் சீட் பெல்ட் பக்கிள், முன்னால் இருக்கிற தட்டு, பையில் செருகியிருக்கிற அட்டை, எல்லாமே அவனுக்கு வாய்தான். உட்கார்ந்ததும் துடைத்துவிடு. அவன் கையில் சானிடைசர் தடவாதே, விரல் வாய்க்குப் போகும், சோப்புப் போட்டுக் கழுவு. பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள், இரண்டு வயது ஆகவில்லை என்று காட்டக் கேட்பார்கள். வெள்ளி அரைஞாண் செக்யூரிட்டியில் சத்தம் போடும், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டு. பாலும் கஞ்சியும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் குழந்தைக்கு என்று சொன்னால் விடுவார்கள்.

அங்கே போன பிறகு ஒன்று. ஹேவ்லாக் தீவில் தங்குவதாகச் சொன்னார்கள். அங்கே ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி என்றால் போர்ட் பிளேரில் ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குத்தான் கப்பல் ஏறி வரவேண்டும். காய்ச்சல் மருந்து, உப்புக் கரைசல் பொட்டலம், காதுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதே. கடற்கரையில் மணல் ஈ கடிக்கும், கால் கையெல்லாம் மூடிவிடு. முடியை மட்டும் யாரும் அங்கே வெட்டிவிடாமல் பார்த்துக்கொள், கண்ணில் விழுகிறது என்றால் குடுமி போடு, உன் அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். வேண்டுதல் இன்னும் பாக்கி இருக்கிறது. அப்புறம், சிக்னல் இல்லை என்று சொல்லாதே, போன ஆகஸ்டிலேயே சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டுத் திறந்துவிட்டார்கள், ஹேவ்லாக் வரைக்கும் போகிறது. தினமும் ஒரு தடவை அவன் முகத்தைக் காட்டு.

சம்பந்தி அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். இதை எழுதக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். டில்லியிலிருந்து நேராக இல்லையாம், சென்னையில் இறங்கி வேறு விமானம் மாறுகிறீர்களாம், நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறதாம்.

மீனம்பாக்கத்துக்கும் நம் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மொட்டை மாடியில் நின்று வால் நிறத்தைப் பார்த்து எந்த விமானம் என்று சொல்வாய். போன வருஷம் அந்த இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை, மே 25 அன்று முதல் சத்தம் கேட்டபோது அப்பா சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்கு ஓடினார். இனி வந்துவிடுவாள் என்றார். அப்போது சென்னைக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து விமானம்தான் வரலாம் என்று வைத்திருந்தார்கள். இப்போது அப்படியும் இல்லை.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சர்க்கரை. பெரியம்மா விஷயத்துக்குப் பிறகு உனக்குள் அந்தப் பயம் உட்கார்ந்துவிட்டது, இருபது பேருக்கு மேல் கூடாது என்று சொல்லி, நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாயே, அன்றிலிருந்து. கூட்டத்தில் வந்துவிட்டு நம் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று நினைக்கிறாய். நல்ல மனசுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் மாமனாருக்கும் வயது அறுபத்தெட்டு, அவரை விமானத்திலேயே கூட்டிக்கொண்டு போகிறாய். எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பத்திரம்?

நான் யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்தமானுக்குப் போக நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் கொரோனா டெஸ்ட் வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று தெரிந்த பிறகுதான் நீங்கள் எல்லோரும் டில்லியிலேயே ஏறுவீர்கள். (குழந்தைக்கும் கேட்பார்களா என்று விசாரித்துக்கொள், அந்தக் குச்சியை அவன் மூக்கில் விடுவதை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.) டெஸ்ட் எடுத்தால் எல்லாம் சரி என்று நான் நம்பிக்கொண்டு இருக்கவில்லை, வழியில் ஒட்டிக்கொள்ளலாம், முதல் இரண்டு நாள் டெஸ்டில் தெரியாமலும் போகலாம். ஆனாலும் போகும்போது பார்ப்பதுதான் நல்லது. திரும்பும்போது ஓட்டல், கப்பல், கடற்கரை என்று சுற்றிவிட்டு வருவீர்கள், அப்போது வா என்று நானே கூப்பிட மாட்டேன்.

வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. பார்வையாளரை உள்ளே விடுவதில்லை, ஆனால் வெளியே வருகிற வாசலுக்கு எதிரே கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். நான் மாஸ்க் இரண்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன். அவனைத் தூக்க மாட்டேன். கையை நீட்ட மாட்டேன். ஆறடி தள்ளி நின்று, அவன் நடக்கிறானே, அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். ஐந்து மாதத்தில் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. கவிழ்ந்தது, தவழ்ந்தது, நின்றது எல்லாம் எனக்கு இந்தப் போனுக்குள்தான். வெளியே வர ஈ-பாஸ் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்ததும் தானாக வந்துவிடுகிறது, பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டுவிட்டேன். திரும்ப உள்ளே போகும்போது மறுபடி செக்யூரிட்டி நிற்க வேண்டும், குழந்தையோடு அது சிரமம்தான், தெரியும். நாலு மணி நேரத்தில் அரைமணி எனக்குப் போதும். பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடுமா என்று டில்லியிலேயே கேட்டுக்கொள், போய்விடும் என்றால் கை வீசிக்கொண்டு வரலாம்.

பருப்பு சாதம் குழைத்து எடுத்து வருகிறேன், அவனுக்கு. உனக்குப் புளியோதரை, மாப்பிள்ளைக்குத் தட்டை. டப்பாவைக் கம்பிமேல் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய்விடுகிறேன், நீ வந்து எடுத்துக்கொள். ஓட்டலில் வாங்கியதைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியிருக்காது.

மார்ச் 1 முதல் அறுபது வயதுக்காரர்களுக்கு ஊசி போட ஆரம்பிக்கிறார்கள். அப்பா முதல் நாளே போகிறேன் என்கிறார். உன் மாமனார் மாமியாரையும் கேட்டுப் போடச் சொல். கிளம்புகிறதுக்கு முந்தின நாள் போடாமல் கொஞ்சம் முன்னால் போட்டால் நல்லது, காய்ச்சல் வருமாம், காய்ச்சலோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

விமான நம்பரையும் இறங்குகிற நேரத்தையும் எனக்கு மட்டும் அனுப்பு. முடியாது என்று தோன்றினால் முடியாது என்று எழுது, நான் கோபப்பட மாட்டேன், அழுதாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன். பதில் எழுதாமல் விட்டுவிடாதே. சென்னையில் இறங்கும்போதும் பால் கொடு, கொஞ்ச தூரம்தானே என்று விடாதே.

அப்பாவுக்கு நீங்கள் இந்த வழியாகப் போவது இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயாகவே சொல்வது போல அவரிடம் சொல்லிவிடு, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

அம்மா