செம்புக்காக எரியும் வயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய இரும்புக் கடையில் செம்பு விற்பதற்காக மின்வயர்களைக் குவித்து எரிக்கும் பழக்கம் எங்கள் தோட்டப் பக்கம் மலிந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் லயத்துக்குப் பின்னால் புகை கிளம்பும். கேட்டால், "குப்பைதானே குறைகிறது" என்பார்கள். குறைந்தது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

வயரின் மேலுறை பெரும்பாலும் பீ.வீ.சி. என்ற பல்பகுதியம், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக். கலப்பில்லாத பீ.வீ.சி.யின் நிறையில் சுமார் 57 சதவீதம் குளோரின். சூடு 200 பாகை செல்சியஸை நெருங்கும்போதே, சுடர் பிடிக்கும் முன்னரே, அந்தக் குளோரின் ஐதரசனையும் இழுத்துக்கொண்டு ஐதரசன் குளோரைட்டு வாயுவாகக் கழன்று வெளியேறும். எஞ்சிய சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து உருவாவதால் வெள்ளை உறை மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கும். நெருப்போரத்தில் அரைகுறையாக வெந்து கிடக்கும் துண்டுகளில் இந்த நிறங்களைப் பார்க்கலாம். கழன்ற வாயு ஈரத்தில் கரைந்தால் ஐதரோகுளோரிக் அமிலம். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? பனி மூடிய மாலையில் புகை மேலே எழாமல் பள்ளத்திலேயே படுத்துவிடுகிறது. அதைத்தான் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள்.

பொலித்தீன் பையில் குளோரின் இல்லை. அதன் சங்கிலியைக் காற்றிலுள்ள ஒட்சிசன் தாக்கி நறுக்கும்போது கண்ணெரிச்சல் தரும் அல்டிகைட்டுகள் வரும். அதுவும் கெடுதிதான். ஆனால் வயரில் செம்பும் கூட இருக்கிறது. குளோரினும் கரியும் கலந்த புகை ஆறும்போது டையொக்சின்கள் என்ற கொடிய நச்சுகள் உருவாகச் செம்பு ஊக்கியாகிறது. பழைய உறைகள் பலவற்றில் சூடு தாங்குவதற்கென்று ஈயச் சேர்வைகள் கலந்திருப்பார்கள். அந்த ஈயம் சாம்பலிலும் தங்கும். அச்சாம்பலை லீக்ஸ் பாத்தியில் கொட்டுவதையும் பார்க்கிறேன்.

திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதை 2017ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் தடை செய்துள்ளது. அதைக் காட்டி நாட்கூலிக்காரரிடம் தண்டம் அறவிடுவதை நான் கேட்கவில்லை. வாங்குபவரைப் பிடியுங்கள். எரித்துக் கறுத்த செம்பைவிட உரித்தெடுத்த செம்பு தரத்தில் மேலானது என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். கறுத்த கம்பியை வாங்கமாட்டோம், உரித்ததற்குக் கூடுதல் விலை தருவோம் என்று அவர்கள் சொன்னால் தடித்த வயரைக் கத்தியால் உரிக்க ஆள் வரும். உரிக்க முடியாத மெல்லிய வயர்களைப் பிரதேச சபை தனியாகச் சேகரிக்கட்டும். வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது இதனை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது பற்றி எங்கள் உறுப்பினர்கள் சபையில் பேசுவார்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹற்றன்.