காணி அனுமதிப்பத்திரப் பிரதி கோரும் மூன்றாவது மனு

மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாக நான் அனுப்பும் மூன்றாவது மனு இது. முதல் இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். துண்டுகள் என்னிடம் உள்ளன. எங்கள் குளத்தை நீங்கள் அறிவீர்கள். போன மாரியில் கட்டு உடைந்தபோது வந்து பார்த்தீர்கள். குளத்து மதகான துருசடியிலிருந்து மூன்றாவது வயல் என்னுடையது.

1. அந்த 2 ஏக்கரும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் என் கணவருக்கு அனுமதிப்பத்திரத்தில், அதாவது பேமிற்றில், கிடைத்த காணி. அவர் இப்போது இல்லை. மனைவியாக எனக்கு உள்ள உரிமையை அந்தச் சட்டமே சொல்கிறது.

2. 2009இல் போரின் கடைசி நாட்களில் பேமிற்றைச் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நந்திக்கடல் களப்புத் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தேன். நனைந்து, மடிப்பில் மை போய்விட்டது. பெயர் தெரிகிறது, முத்திரை தெரிகிறது. இலக்கத்தின் கடைசி எண் மட்டும் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை.

3. அந்த ஓர் எண்ணுக்காக 23 தடவை வந்துவிட்டேன் ஐயா. பேமிற்றுகளைப் பதிந்த லெட்ஜர் பார்க்க இலக்கம் வேண்டுமாம். இலக்கம் இல்லையென்றால் அளவைக்காரரின் கடிதம் வேண்டுமாம். அவரிடம் போனால் கிராம அலுவலரின் கடிதம். ஒரு மேசையில் இது மாகாணக் காணி என்கிறார்கள், அடுத்த மேசையில் மத்திய அரசின் காணி என்கிறார்கள். 1987இல் மாகாண சபைகளுக்கு வழிசெய்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்த நாளிலிருந்து உங்களுக்குள் தீராத வழக்குக்கு நான் ஏன் பஸ் காசு கொடுக்க வேண்டும்? காலை 6 மணி பஸ்ஸை விட்டால் அன்றைய நாள் போச்சு. ஏறி வந்தாலும் முறை வரும்போது உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருப்பார். "நாளைக்கு வாங்கோ அம்மா." நாளைக்கு என்றால் எனக்கு இன்னொரு நாட்கூலி போகும். போட்டோக்கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்த காசில் ஒரு போகத்துக்கு உரம் வாங்கியிருப்பேன். வாசலில் நிற்கும் ஒருவர் 15 ஆயிரம் தந்தால் ஒரு கிழமையில் எடுத்துத் தருவாராம். அவருக்குத் திறக்கிற லெட்ஜர் எனக்கு ஏன் திறக்காது? ஒரு கந்தோரிலிருந்து மற்றக் கந்தோருக்கு ஒரு போன் எடுக்க ஆளில்லையா? உங்கள் கந்தோர்க் கோப்பு என் காலில்தான் நடக்கிறது.

4. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்டேன். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆடியும் போய் ஆவணியும் போய்விட்டது.

5. பேமிற் இல்லாமல் வங்கி கடன் தராது. காலபோக நெல் விதைப்புத் தொடங்கிவிட்டது.

ஐயா, தயவுசெய்து லெட்ஜரைத் திறக்கச் சொல்லுங்கள். 3இலும் பார்க்கட்டும், 8இலும் பார்க்கட்டும். இரண்டில் ஒன்றில் என் கணவரின் பெயர் இருக்கும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள மனுதாரர்