ஐபோனில் காணாமல் போன பட்டன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு வியாபாரிகள் சொந்தமாக வெப்சைட் வைத்துக்கொள்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டொமைன், பேமென்ட் கேட்வே, செலவுக் கணக்கு எல்லாம் விரிவாக இருந்தன. ஆனால் தளம் எல்லா பிரவுசரிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து வாங்குவது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஈரோட்டில் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் சென்னிமலையில் போர்வை விற்கும் ஒரு கடைக்குத் தளம் செய்து கொடுத்தேன். என் லேப்டாப்பிலும் கடைக்கார அண்ணனின் ஆண்ட்ராய்டு போனிலும் குரோமில் ஓட்டிப் பார்த்தோம். குறை எதுவும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, பெங்களூர்ல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. நாலு பெட்ஷீட் எடுத்து வெச்சிருக்காங்களாம், பணம் கட்டுற பட்டனே காணோம்ங்கிறாங்க" என்றார்.

அந்த அம்மா வைத்திருந்தது ஐபோன். நண்பர் ஒருவரின் ஐபோனை வாங்கி, அதோடு வரும் பிரவுசரான சஃபாரியில் திறந்தேன். 2021-லிருந்து அதில் முகவரிப் பட்டை திரையின் அடியில் வருகிறது. என் பட்டனும் அடியில்தான் இருந்தது. பக்கத்தின் உயரத்தை நான் 100 விஹெச் (vh), அதாவது திரையின் முழு உயரம், என்று கொடுத்திருந்தேன். சஃபாரி அந்தப் பட்டை மறைக்கும் இடத்தையும் சேர்த்தே உயரத்தைக் கணக்கிட்டதால் பட்டன் அதற்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் ஸ்க்ரோலையும் நிறுத்தி வைத்திருந்தேன், தள்ளிப் பார்க்கவும் வழியில்லை. விஹெச் என்பதை, பட்டை போக மிச்சம் தெரியும் உயரத்தைக் குறிக்கும் டிவிஹெச் (dvh) ஆக்கினேன். ஒரே ஓர் எழுத்து, சரியாகிவிட்டது. அந்த அம்மா போன் போட்டுக் கேட்டார். கேட்காமலே போனவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

"குரோம்ல திறந்து பாருங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் விற்கும் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதியைத்தான் எஞ்சின் என்கிறோம். அதேபோல குரோம், எட்ஜ், ஓபரா, சாம்சங் போனோடு வரும் பிரவுசர் நான்குக்கும் உள்ளே இருப்பது பிளிங்க் என்ற ஒரே எஞ்சின். நான்கிலும் பார்த்தாயிற்று என்றால் ஒன்றில் பார்த்த கணக்குத்தான். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச சிஸ்டம் போட்ட கம்ப்யூட்டரில் கூடவே வரும் ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோ என்று தனி எஞ்சின். இந்த மூன்றிலும் ஓட்டிப் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம்.

பத்திரிகை வாசகர்களுக்கு இது புதிதல்ல. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் எழுத்துரு தானாக இறங்கி தமிழ் தெரியும். ஃபயர்பாக்ஸில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். நெட் சென்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்துத் திகைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூன் 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. ஒரே பிரவுசரை நம்பிச் செய்த தளங்களை எல்லாம் அப்புறம் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

எனவே கடை வைத்திருப்பவர்கள் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: குரோம், ஐபோன் சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் ஆர்டர் போட்டுக் காட்ட வேண்டும் என்று. வீட்டில் ஐபோன் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கி, உங்கள் கையாலேயே ஒரு பொருளை எடுத்து, முகவரி அடித்து, பணம் கட்டும் வரை போய்ப் பாருங்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள். என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வேலை கூடும், கூடட்டும்.

அடுத்த முறை இந்தத் தலைப்பில் எழுதும்போது இதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வெப்சைட் வடிவமைப்பாளர்,
ஈரோடு