பதாகை எழுதும் கைகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் இளைஞர் மன்றத் தம்பி, தங்கைமாருக்கு வணக்கம்.

போராட்டங்களுக்குப் பதாகை எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். தலைவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஓட்டு வாங்கிப் போனவரை முச்சந்தியில் நிறுத்திக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் கறுப்பன், குள்ளன், படிக்காதவன் என்று எழுதிய துணிகள் கூடிவிட்டன. அது தப்பு.

துணியைக் கட்டுமுன் தலைவரின் பெயரை விரலால் மறைத்துவிட்டு வாசியுங்கள். மிஞ்சிய வசை யார்மீது விழுகிறது? 'படிக்காதவன்' என்பது ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கிய அம்மாமீது. 'கறுப்பன்' என்பது பக்கத்தில் கோஷம் போடும் பெரியப்பாமீது. வெளியார் நம்மை ஏசிய 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை நம் பிள்ளைகளே எழுதக் கண்டால் வயிறு எரிகிறது. கொடும்பாவிக்குச் சேலை கட்டி வளையல் மாட்டுவதும் அப்படித்தான். ஊர்வலத்தில் முன்னால் நடப்பவர்களே கொழுந்தெடுக்கும் பெண்கள். பெண்ணாக இருப்பது கேவலம் என்று அவர்கள் கண்முன்னே சொல்கிறோம்.

தலைவருக்கு இதில் நட்டமே இல்லை. மறுநாள் 'என் உடம்பைப் பழித்தார்கள்' என்பார். சம்பளப் பேச்சு அதோடு அமுங்கிப்போகும்.

அவர் செய்ததை எழுதுங்கள். ஒரு துணிக்கு ஒரு கணக்கு, ஒரு கேள்வி. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் வர்த்தமானி, அதாவது அரசிதழ், சொன்ன குறைந்தபட்சத் தொகை 1,350. 'மேடையில் 1,700, வர்த்தமானியில் 1,350, மிச்சம் எங்கே?' என்று எழுதினால் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. ஆறேழு சொல் போதும். 30 அடி தள்ளி நிற்பவர் வாசிக்க எழுத்து 3 அங்குல உயரமாவது வேண்டும். வெள்ளைத் துணியில் மஞ்சள் மை வேண்டாம், படத்தில் தெரியாது.

தொகை ஒன்று பிழைத்தால் முழு ஊர்வலமும் பொய் என்பார்கள். ஆதாரம் கையில் இல்லாமல் 'திருடன்' என்பதும் வசைதான். வீடு, காணிக் கணக்கு வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தகவல் கைக்கு வர மேலும் நாளெடுக்கும், அதனால் இரண்டு மாதம் முந்தியே போடுங்கள்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் துணிகளை, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் விரித்து, வேலைக்கு வரும் பெண்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதைக் கட்டாதீர்கள்.

அன்புடன்,
பதாகை எழுதுவோர் சிலர்