பேசும் புத்தகப் பிரிவுக்கும் வாலண்டியர்ஸுக்கும் எங்க வீட்டு நன்றி

நூலகர் மேடத்துக்கும், வாலண்டியர்ஸ் எல்லாருக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம். நேர்ல சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், வந்தா பேச்சு வேற எங்கயோ போயிடுது, அதான் எல்லாரும் பாக்கற மாதிரி எழுதிடறேன்.

அம்மாவுக்கு கண்ணு விழித்திரையோட நடுவுல இருக்கற மாக்குலாங்கற பகுதி பாதிச்சு நடுப்பார்வை போயிடுச்சு. ஓரப்பார்வை இருக்கறதால நடமாடுவாங்க, வேலை செய்வாங்க, ஆனா எழுத்தையோ முகத்தையோ நேரா பாத்தா கலங்கிடும். நல்லாத்தானே நடக்கறாங்கனு சொல்றவங்களுக்கு இத விளக்கி விளக்கியே அலுத்துப்போச்சு. பெரிய எழுத்து, பூதக்கண்ணாடி, மேசை விளக்குனு கொஞ்ச காலம் ஓடுச்சு, அப்புறம் புத்தகப் பேச்சையே அம்மா விட்டுட்டாங்க.

உங்ககிட்ட கூட்டிட்டு வந்தப்ப மேடம் முதல்ல கேட்டது "என்ன மாதிரி கதை பிடிக்கும்மா?"னுதான். பார்வை எப்படிப் போச்சுனு விசாரிக்கல, ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை இல்ல. ஒரு வாசகியா நடத்தினீங்க. அன்னிக்கு அம்மா எத்தனை எழுத்தாளர் பேர் சொன்னாங்கனு எனக்கே ஆச்சரியம்.

டெய்சி ஆடியோ புத்தகம்னு ஒண்ணு இருக்கறதே அங்க வந்துதான் தெரியும். சாதா ஆடியோனா விட்ட இடத்தைத் தேடறதே பெரிய வேலை, இதுல அத்தியாயம் அத்தியாயமா தாவலாம், அடையாளம் வெச்சுக்கலாம், வேகத்தையும் கூட்டிக் குறைச்சுக்கலாம். அதைவிட முக்கியம், அதை வாசிக்கற நீங்க. சத்தம் பதிவாகிடும்னு ஃபேனை நிறுத்திட்டு வேர்க்க வேர்க்க உக்காந்து படிக்கறீங்க, படம் வந்தா அதுல என்ன இருக்குனு சொல்றீங்க, ஒரு ஊர்ப் பேரை எப்படி உச்சரிக்கறதுனு நாலு பேர்கிட்ட கேட்டுட்டு மறுபடி பதிவு பண்றீங்க. கேக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாமலே போயிடும், அதனாலதான் இங்க சொல்றேன்.

பார்வை இல்லாதவங்களுக்காகப் புத்தகத்த இப்படி மாத்தவும் நாடு விட்டு நாடு அனுப்பவும் காப்புரிமை தடையா இருக்கக்கூடாதுனு 2013ல மராகேஷ் ஒப்பந்தம் போட்டாங்க, 2016ல நடைமுறைக்கு வந்துச்சுனு மேடம் சொன்னாங்க. ஒப்பந்தம் இருந்தாலும் யாராவது உக்காந்து வாசிச்சாத்தானே புத்தகம் காதுக்கு வரும்!

கம்ப்யூட்டர் பக்கம் இருக்கற தம்பிக்கு தனியா ஒரு நன்றி. திரையில இருக்கறத சத்தமா வாசிச்சுச் சொல்ற என்விடிஏ மென்பொருள் இலவசம்தான், ஆனா மவுஸே இல்லாம கீபோர்டுலயே எல்லாம் பண்ணணும், வயசானவங்களுக்கு அது சுலபம் இல்ல. அம்மா கையைப் பிடிச்சு அழுத்தாம, "டேப் அழுத்துங்க, இப்ப என்ன சொல்லுது?"னு கேட்டுக் கேட்டு அவங்களையே செய்ய வெச்சீங்க, அந்தப் பொறுமை எனக்கு வீட்ல வராது.

வாசகர் வட்டத்துல பேசறவங்க இப்பல்லாம் முதல்ல பேரைச் சொல்லிட்டு ஆரம்பிக்கறீங்க. யாரும் சொல்லித் தரல, நீங்களா ஆரம்பிச்சீங்க. முகம் தெரியாத அம்மாவுக்கு யார்கிட்ட வாதாடறோம்னு தெரியுது, நல்லாவே வாதாடறாங்க.

உங்க வீட்லயும் இப்படிப் படிக்கறத நிறுத்தினவங்க இருந்தா, பக்கத்துல இருக்கற பொது நூலகத்துல போய் பேசும் புத்தகம் கிடைக்குமானு ஒரு தடவை கேளுங்க.

கடைசியா அம்மா சொல்லச் சொன்னது: அவங்க கேட்டுட்டு இருக்கற புத்தகத்தோட மூணாம் பாகத்தைப் பதிவு பண்ணிட்டு இருக்கறவங்க அவசரப்பட வேண்டாம், நிதானமா வாசிங்க, அவங்க காத்திருக்காங்க.