ஜனவரிக்குள் முடிந்துவிடும் நாவல்கள்

ஆசிரியருக்கு,

ஜனவரியை ஒட்டிச் சென்னை நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் ஆண்டுதோறும் முதல் நாவல்கள் பெருகுகின்றன, மகிழ்ச்சி. குறைந்த பிரதிகளையும் அச்சடித்துத் தர ஆள் இருப்பதால் புத்தகம் போடுவது இன்று சிரமமில்லை. திருத்தத்துக்குத்தான் நாள் கிடைப்பதில்லை. நவம்பரில் முடித்த வரைவு டிசம்பரில் பக்க வடிவமைப்புக்குப் போனால், புரூஃப் பார்ப்பவர் ஒற்றுப் பிழையைத் திருத்துவார். கதையை யார் பார்ப்பது?

நாளுக்கு 300 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்று எழுதினால் ஆறரை மாதத்தில் 40,000 சொல் சேரும். ஓரளவு நீளமான நாவலுக்கு அது போதும். பிப்ரவரியில் தொடங்கினால் ஆகஸ்டில் முடியும். பிறகு ஒரு மாதம் அதைத் தொடவே கூடாது. உடனே படித்தால் தாளில் இருப்பதைவிட மனத்தில் இருப்பதுதான் கண்ணில் படும். அதன்பின் இரண்டு முறையாவது திருத்த வேண்டும். வரும் ஜனவரி போனால் அடுத்த ஜனவரி. வாசகர் எங்கும் போய்விட மாட்டார்.

பலர் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து செப்பனிடத் தொடங்குவதே காரணம். நேற்றைய கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே எழுத வேண்டும். எழும்போதும் காட்சியை முடித்துவிடாமல், அடுத்த வரி இன்னதென்று தெரிந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் திண்டாட்டமில்லை. வீட்டில் இடமில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம், நோட்டுடன் உட்காரும் பகுதி உண்டு.

செல்பேசித் திரையில் திருத்துவது வீண் வேலை. ஏ4 தாளில் வரிக்கு வரி இடம்விட்டு அச்செடுத்து, வாய்விட்டுப் படிக்க வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவரும் அவர் மகளின் பேராசிரியரும் ஒரே மாதிரிப் பேசினால் காது காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக எல்லாச் சொல்லையும் கொச்சையாக எழுதினால் வாசகர் திணறுவார். 'வந்துகினு', 'சொல்லிகினு' என்று வினைகளை மட்டும் மாற்றினாலே வட்டாரம் புரிந்துவிடும். 'வந்தான்' என்று தொடங்கிய கதை காரணமில்லாமல் 'பார்க்கிறான்' என்று தாவுவதும் இப்படிப் படிக்கும்போது பிடிபடும்.

குரல்வழித் தட்டச்சில் எழுதுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'பல்லி' 'பள்ளி' ஆகிவிடும். இரண்டுமே சரியான சொல் என்பதால் பிழை காட்டும் மென்பொருள் வாயைத் திறக்காது.

வரைவை நண்பர்களிடம் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார்கள், எந்தப் பெயர் நினைவில் இல்லை என்று கேட்க வேண்டும்.

புத்தகக் காட்சியின் மாலைப் பேச்சரங்குகளில் ஒன்றை, அதை நடத்தும் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி திருத்தத்துக்கென்று ஒதுக்கலாம். எழுத்தாளர் ஒருவர் சம்மதித்தால், அவருடைய ஒரு சிறுகதையின் முதல் வரைவையும் அச்சான வடிவத்தையும் திரையில் அருகருகே காட்டி, எந்த வரி ஏன் போனது என்று அவரையே விளக்கச் சொல்லலாம்.

– பதிப்புத் துறை வாசகர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.