ஞாயிறு காலை இணையம் விட்டுவிட்டு வரும் – ஐபிவி6 மாற்றம்

அனைவருக்கும் வணக்கம்.

15ஆம் தேதி ஞாயிறு காலை 6 முதல் 9 மணி வரை நம் குடியிருப்பின் பொது நெட்வொர்க்கில் ஐபிவி6 (இணைய முகவரிகளுக்கான புதிய முறை) சேர்க்கிறோம். அந்த நேரத்தில் வேலை இருப்பவர்கள் மொபைல் டேட்டாவை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்போது என்று சிலர் கேட்டீர்கள். பழைய ஐபிவி4இல் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால்தான் நாம் எல்லா வீட்டுக்கும் ஒரே முகவரியைப் பங்குபோட்டு ஓட்டுகிறோம். பழையதை எடுக்கவில்லை, இரண்டும் சேர்ந்தே ஓடும்.

1. சனி இரவுக்குள் உங்கள் ரூட்டர் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள்.

2. ரூட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இனி கேமரா, டிவி என ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் தனி முகவரி கிடைக்கும். ஃபயர்வால் இல்லையென்றால் வெளியாட்கள் நேரே வந்து தட்டலாம். குழந்தைகள் அறையில் கேமரா வைத்திருப்பவர்கள் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

3. 9 மணிக்குப் பிறகு போனில் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள். 2இல் தொடங்கி, நடுநடுவே : குறி வரும் நீண்ட முகவரி இருந்தால் சரி. எஃப்இ80 என்று தொடங்குவது மட்டும் இருந்தால் சொல்லுங்கள்.

4. அலுவலக விபிஎன் பயன்படுத்துபவர்கள் அன்றே சோதித்துவிடுங்கள். திங்கள் காலை தவிக்க வேண்டாம்.

வெள்ளி மாலைக்குள் வீட்டு எண்ணும் ரூட்டர் மாடலும் இங்கே பதிவிடுங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குச் சனி மாலை நானே வந்து செய்து தருகிறேன். 'உதவி' என்று மட்டும் போட்டால் போதும்.